மூன்று ஆண்டுகளாகக் கறுப்புச் சொக்லேட்: கிளிநொச்சியிலிருந்து ஓர் அனுபவம்

தன் கணவருக்குச் சலரோகத்தின் தொடக்க நிலை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம். பால் சொக்லேட்டை நிறுத்திவிட்டுக் கறுப்புச் சொக்லேட்டுக்கு மாறினால் நல்லதா என்று சென்ற வாரம் என் சிநேகிதி தொலைபேசியில் கேட்டாள். வாங்கவே வேண்டாம் என்று சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன். மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அதையே உண்டுவரும் நான் அப்படிச் சொன்னதற்கான காரணத்தை அவளுக்கு விளக்கியாக வேண்டும்.

சுவிசிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பெட்டி நிறையக் கொண்டுவந்து தரும் பால் சொக்லேட்டை இரவுச் சாப்பாட்டின் பின் அரைக் கட்டி உண்பது முன்பு என் வழக்கம். வெறும் வயிற்றுச் சீனியின் அளவு எல்லையைத் தாண்டியபோதுதான் 70 வீதம் கொக்கோ உள்ளதற்கு மாறினேன். முதல் இரண்டு வாரமும் கசாயம் குடிப்பது போலவே இருந்தது. அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பால் சொக்லேட்டில் ஒரு துண்டு வாயில் கரைந்ததும் அடுத்த துண்டுக்குக் கை போகும். இதிலோ இரண்டு துண்டுடன் வாய் நிறைந்துவிடுகிறது, மனம் மேலும் கேட்பதில்லை. சில மாதங்களில் இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரே திகட்டத் தொடங்கியது. இப்போது சிறு துண்டு பனங்கட்டியுடன் வெறுந்தேநீர் போதுமாக இருக்கிறது. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை என்று இதைத்தான் சொல்வேன். என் சீனியின் அளவும் இறங்கியிருக்கிறது. ஆனால் அதே காலத்தில் மாலை நடையையும் தொடங்கியதால், அந்தப் பெருமை முழுவதையும் சொக்லேட்டுக்குக் கொடுப்பது நியாயமாகாது.

100 கிராம் பால் சொக்லேட்டில் ஏறத்தாழ 50 கிராம் சீனி இருக்கும். 70 வீதத்துக்கு மேற்பட்ட கறுப்பில் அதில் பாதியளவே உண்டு, இரும்புச் சத்தும் பல மடங்கு அதிகம். கலோரி மட்டும் குறைவதில்லை. கொக்கோக் கொழுப்பு கூடுவதால் சற்றுக் கூடவே இருக்கும். 2024 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாரத்துக்கு ஐந்து முறையாவது கறுப்புச் சொக்லேட் உண்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சலரோகம் வரும் வாய்ப்பு 21 வீதம் குறைவாகக் காணப்பட்டது. பால் சொக்லேட்டில் அந்தத் தொடர்பு இல்லை, எடைதான் கூடியிருந்தது. எனினும் அது உண்டவர்களைக் கவனித்து எழுதிய கணக்கே தவிர, சொக்லேட்தான் காரணம் என்பதற்கான நிரூபணம் அன்று. 21,000 பேருக்கு மேல் பங்கெடுத்து 2022 இல் முடிவு வெளியான பெரிய பரிசோதனையில் கொடுக்கப்பட்டதும் சொக்லேட் அன்று, நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொக்கோ பிளேவனோல் (இதயத்துக்கு நல்லது என்று கருதப்படும், கொக்கோவில் இயல்பாகவே உள்ள சேர்மம்) அடங்கிய மாத்திரை.

என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. சிநேகிதி தொலைபேசியில் கேட்ட அன்று காலை நான் வாங்கிவந்த கட்டியின் முன்புறத்தில் ‘டார்க்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்புறத்தைத் திருப்பினால் சேர்பொருட்களில் முதலில் நிற்பது சீனி. கொக்கோ எத்தனை வீதம் என்ற குறிப்பே இல்லை, போதாததற்குக் காரப்பொருள் (alkali) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோத் தூள் வேறு. அப்படிப் பதப்படுத்தும்போது கசப்பு குறைகிறது, நாம் எதற்காக வாங்குகிறோமோ அந்தப் பிளேவனோலின் பெரும்பகுதியும் அழிந்துபோகிறது. நோய்க்குப் பயந்து மலிவான பால் சொக்லேட்டை வைத்துவிட்டு இரு மடங்கு விலை கொடுப்பவரிடம் நிறத்தை மட்டும் விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வன்னியின் வைகாசி வெயிலும் மின்தடையும் அதற்கு மேல்: கொக்கோக் கொழுப்பு 34 பாகை அளவில் உருகி மீண்டும் இறுகும்போது கட்டி முழுவதும் வெண்மை படர்கிறது. கெடுதல் இல்லை, ஆனால் சுவை மண்ணாகிவிடுகிறது.

சிநேகிதிக்கு என் பதில் இன்னமும் வேண்டாம் என்பதுதான். அவளுடைய கணவருக்குச் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது; கறுப்புச் சொக்லேட்டிலோ அது பால் சொக்லேட்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் எத்தனை பேர் என்று தெரிந்த நாம் இதைப் பேசாமல் விடக் கூடாது. வைத்தியரைக் கேட்காமல் அவர் ஒரு துண்டும் தொட வேண்டாம். அவள் தனக்காக வாங்குவதென்றால் 70 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, சீனி முதலில் நிற்காத கட்டியாக எடுக்கட்டும். கடைக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வெயில்படும்படி வைத்திருந்தால் எடுக்காமலே வரட்டும்.