பெர்மிஷன் டினைட்: நான்கு கருவிகளில் எது துப்புக் கொடுக்கும்?

லினக்ஸில் "பெர்மிஷன் டினைட்" (அனுமதி மறுப்பு) என்று வந்தவுடன் பலரின் விரல்கள் தாமாகவே "சிஎச்மோட் 777" என்று, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் கட்டளையைத் தட்டிவிடுகின்றன. சில நேரங்களில் பிழை மறைந்தும் போகிறது, வம்பே அங்குதான். மறுத்தது யார் என்று கடைசிவரை தெரியாது. எந்தக் கோப்புக்கு முன்பு என்ன அனுமதி இருந்தது என்ற தடயமும் அதோடு அழிந்துவிடும்.

ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும்போது பல இடங்களில் சோதனை நடக்கிறது. உரிமையாளர், குழு, பிறர் என்ற பழைய அனுமதிகள், அவற்றின் மேல் ஏசிஎல் (தனித்தனிப் பயனருக்கான அனுமதிப் பட்டியல்), வட்டை மவுன்ட் செய்து இணைத்த விதம், எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி ஒரு சேவையைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலி என்று எதுவும் தனியாகவே மறுத்துவிடலாம். மறுப்பவர் பலர், வந்து சேரும் செய்தி பெரும்பாலும் ஒன்றே. ஆகவே எந்தக் கருவி எந்த இடத்தைக் காட்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கருவியை எடுக்கும் முன் செய்தியை ஒருமுறை ஒழுங்காகப் படியுங்கள். "பெர்மிஷன் டினைட்" என்பது பிழை எண் 13. "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்" என்பது எண் 1. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்காக) இருந்தும் ஒரு கோப்பை அழிக்க முடியாமல் எண் 1 வருகிறது என்றால், அனுமதி எழுத்துகளைப் பார்த்துப் பயனில்லை. "எல்எஸ்ஆட்ர்" ஓட்டிப் பாருங்கள். அதில் "ஐ" என்ற எழுத்து தெரிந்தால் யாரோ அந்தக் கோப்பை மாற்றக் கூடாதது என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் அது வேறு கதை, மவுன்ட் பட்டியலுக்குப் போக வேண்டும்.

எல்எஸ் -எல், நேம்ஐ -எல்

எல்லோரும் முதலில் ஓட்டுவது "எல்எஸ் -எல்". அதற்குத் தகுதிக்கு மீறிய மரியாதை கிடைக்கிறது என்பது என் எண்ணம். கடைசிக் கோப்பை மட்டும் காட்டும் கருவி அது. ஆனால் கோப்பை எட்ட வேண்டுமானால் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் "எக்ஸ்" (உள்ளே நுழையும்) அனுமதி வேண்டும்.

உபுண்டு 22.04 சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பயனரின் ஹோம் கோப்புறைக்குள் இணையதளக் கோப்புகள் இருக்கின்றன. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 403 (அணுகத் தடை) காட்டுகிறது, அதன் பிழைப் பதிவில் "13: பெர்மிஷன் டினைட்" என்று இருக்கிறது. "எல்எஸ் -எல்" போட்டால் கோப்பு 644, அது இருக்கும் கோப்புறை 755, அதாவது இரண்டையும் பிறர் படிக்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பாதையை "நேம்ஐ -எல்" கட்டளைக்குக் கொடுத்தால் வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியும் ஒரு வரியாக, உரிமையாளர் பெயரோடு இறங்கி வரும். மூன்றாவது படியில் ஹோம் கோப்புறை நிற்கிறது. அதன் அனுமதி 750. பிறருக்கு ஒன்றுமே இல்லை, வெப் சர்வரின் கணக்கு அங்கேயே திரும்பிவிடுகிறது.

இதற்குக் காரணமும் உண்டு. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளின் அனுமதி 755-இலிருந்து 750 ஆனது. பழைய கோப்புறைகள் பழையபடியே இருந்தன. அதனால்தான் மேம்படுத்தி மேம்படுத்தி வந்த பழைய சர்வரில் ஓடும் அதே அமைப்பு, புதிதாக நிறுவிய சர்வரில் அடம்பிடிக்கிறது. இங்கே கோப்புக்கு 777 கொடுத்தாலும் எதுவும் மாறாது.

"எல்எஸ்"ஸை முழுவதுமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அனுமதி எழுத்துகளின் முடிவில் "+" இருந்தால் ஏசிஎல் இருக்கிறது, புள்ளி இருந்தால் எஸ்இலினக்ஸ் முத்திரை (கோப்பு எந்த வகை என்று அது பார்க்கும் அடையாளம்) இருக்கிறது. இந்த ஒற்றைக் குறியைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

எஸ்ட்ரேஸ்

சில நிரல்கள் எந்தக் கோப்பு என்றே சொல்லாமல் மொட்டையாகப் "பெர்மிஷன் டினைட்" என்று மட்டும் கூறிவிட்டு வெளியேறும். அங்கே, ஒரு நிரல் கர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதியிடம்) கேட்பதை வரி வரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸுக்கு மாற்று இல்லை. கோப்பு தொடர்பான அழைப்புகளை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டினால், தோற்றுப்போன வரியில் நிரல் கேட்ட கோப்பின் பாதையும், அதை எப்படித் திறக்கக் கேட்டது என்பதும் தெரியும். இரண்டாவதுதான் பொன்னான தகவல். நாம் படிக்க மட்டும் என்று நினைத்திருப்போம். நிரலோ எழுதவும் சேர்த்துக் கேட்டிருக்கும்.

குறை என்னவென்றால், மறுத்தது பழைய அனுமதியா எஸ்இலினக்ஸா என்று எஸ்ட்ரேஸ் சொல்லாது. இரண்டுக்கும் அதே எண் 13தான். சாதாரணப் பயனராக எஸ்ட்ரேஸின் கீழ் சூடோ (வேறொரு கணக்காகக் கட்டளை ஓட்டும் நிரல்) போன்றவற்றை ஓட்டினால் அவை தம் சிறப்பு உரிமையை இழந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆடிட் பதிவு

ஃபெடோரா, ரெட் ஹேட் வகைச் சர்வர்களில் அனுமதி எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் அது சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. அந்தப் பூசாரி எஸ்இலினக்ஸ். பெரும்பாலும் கோப்பை இடம் மாற்றிய விதமே காரணம். ஹோமிலிருந்து வெப் கோப்புறைக்கு "எம்வி" கொண்டு நகர்த்தினால் பழைய முத்திரை கூடவே வரும். "சிபி" கொண்டு நகலெடுத்தால் புதிய இடத்தின் முத்திரை விழும். "எல்எஸ் -இசட்" இதைக் காட்டும், "ரெஸ்டோர்கான்" சரிசெய்யும். மறுப்பின் முழு விவரம் ஆடிட் பதிவில் இருக்கும். ஆனால் சில மறுப்புகளைப் பதிவு செய்யாமல் விடச் சொல்லும் விதிகளும் உண்டு. பதிவு காலி என்பதற்காக எஸ்இலினக்ஸைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கக் கூடாது.

"செட்என்ஃபோர்ஸ் 0" போட்டு எஸ்இலினக்ஸின் தடையைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பதும் 777 போடுவதும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். இல்லை. முதலாவது சோதனைக்கு உகந்தது: மறுக்க வேண்டியதைப் பதிவில் எழுதிக்கொண்டே அனுமதிக்கும், ஒரு நிமிடத்தில் 1 போட்டுத் திரும்பிவிடலாம். 777-க்குத் திரும்பும் வழி கிடையாது. போதாக்குறைக்கு ஹோம் கோப்புறைக்கே 777 போட்டுவிட்டால், அது எவரும் எழுதக்கூடிய இடமாகிவிட்டது என்று சொல்லி தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் உங்கள் சாவியை ஏற்க மறுக்கும். சாவியை மட்டுமே நம்பியிருந்தால் அடுத்த முறை உள்ளே நுழையவே வழியிருக்காது.

நான்காவது கருவி, மிக மலிவானது: "சூடோ -யு" கொண்டு அந்தச் சேவையின் கணக்காகவே மாறி, கோப்பைப் படித்துப் பார்ப்பது. நேம்ஐ முடிந்த கையோடு நான் செய்வது இதைத்தான். அங்கே படிக்க முடிந்து, சேவையாக ஓடும்போது மட்டும் மறுப்பு வந்தால், சந்தேகம் நேராக எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் அல்லது சிஸ்டம்டி மீது போகும். சேவைக் கோப்பில் "புரொடெக்ட்ஹோம்" இருந்தால் அந்தச் சேவையின் கண்ணுக்கு ஹோம் கோப்புறைகளே தெரியாமல் போகலாம்.

சரிசெய்வதில் எது நல்லது?

மேலே சொன்ன 750 சிக்கலுக்கே நான்கு தீர்வுகள் புழங்குகின்றன. ஹோமுக்குப் பிறர் "எக்ஸ்" கொடுப்பது எளிது. ஆனால் அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கோப்பின் பெயர் தெரிந்தால் உள்ளே போய்ப் படிக்கலாம். வெப் சர்வரின் கணக்கைப் பயனரின் குழுவில் சேர்ப்பது அதைவிட மோசம் என்பேன். உமாஸ்க் (புதிய கோப்புகளின் தொடக்க அனுமதியைக் குறைக்கும் எண்) 002 உள்ள அமைப்பில் புதிய கோப்புகளைக் குழுவும் எழுத முடியும். வெளியுலகைப் பார்த்து நிற்கும் ஒரு நிரலுக்கு அந்தச் சலுகை எதற்கு? சேர்த்த பிறகு சேவையை மறுபடி தொடங்கினால்தான் புதிய குழு செல்லுபடியாகும் என்பதும் ஒரு கண்ணி.

ஏசிஎல் மூலம் வெப் சர்வரின் கணக்குக்கு மட்டும் "எக்ஸ்" கொடுப்பது கச்சிதமானது. அதற்கும் ஒரு விலை உண்டு. ஏசிஎல் வந்தபின் "எல்எஸ்" காட்டும் குழு இடம் உண்மையில் மாஸ்க், அதாவது ஏசிஎல் அனுமதிகளின் உச்சவரம்பு. ஆறு மாதம் கழித்து யாரோ ஹோமுக்கு 700 போட்டால் மாஸ்க் காலியாகிவிடும். நீங்கள் கொடுத்த அனுமதி பட்டியலில் இருக்கும், வேலை செய்யாது. "கெட்எஃப்ஏசிஎல்" மட்டுமே அந்த வரிக்குப் பக்கத்தில் நடைமுறை அனுமதி இவ்வளவுதான் என்று காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, தளத்தை ஹோமிலிருந்து வெளியேற்றி வெப் கோப்புறையில் வைப்பது. சலிப்பான தீர்வுதான். என் ஓட்டு இதற்கே: வேறு எந்த அனுமதியையும் தளர்த்த வேண்டியதில்லை, சிஸ்டம்டி வேலியும் குறுக்கே வராது. மனிதர்கள் பலர் சேர்ந்து எழுதும் கோப்புறை என்றால் மட்டும் பொதுக் குழுவும் செட்ஜிஐடியும் (புதிய கோப்புகளுக்குக் கோப்புறையின் குழுவையே தரும் குறி) போதும். உமாஸ்க் ஒத்துழைக்காவிட்டால் இயல்புநிலை ஏசிஎல் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்கு கருவிகளும் கைவிரிக்கும் இடங்களும் உண்டு. ஒட்டும் பிட் (பிறர் கோப்பை அழிக்க விடாத குறி) உள்ள டிஎம்பி கோப்புறையில் இன்னொருவருடைய கோப்பில் ரூட்டாகவே ஷெல் வழி எழுதப் போனாலும் மறுப்பு வரலாம். கர்னல் 4.19-இல் வந்த "புரொடெக்டட் ரெகுலர்" என்ற அமைப்பின் வேலை அது. எஸ்இலினக்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். வலைவழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் இன்னும் கள்ளத்தனமானது. அதன் வழக்கமான அடையாள முறை ஒரு பயனரின் 16 துணைக் குழுக்களை மட்டுமே சர்வருக்கு அனுப்பும். "ஐடி" கட்டளை இருபது குழுக்களைக் காட்டும், உள்ளூர் வட்டில் எல்லாம் திறக்கும், என்எஃப்எஸ்ஸில் மட்டும் சில கோப்புறைகள் மறுக்கும். சர்வர் பக்கம் மவுன்ட்டி சேவைக்கு "மேனேஜ்-ஜிட்ஸ்" விருப்பத்தைக் கொடுத்தால் குழுப் பட்டியலைச் சர்வரே தேடிக்கொள்ளும்.