புது ஷூவை அகட்டும் மரக்கட்டை: பக்கவாட்டுக்குச் சரி, குதிகாலுக்கு உதவாது

புதுத் தோல் ஷூ கடிக்கிறது என்று இதை வாங்கப் போகிறவர்கள், முதலில் எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் முட்டியிலோ என்றால் தாராளமாக வாங்கலாம். விரல் நுனி முன்னால் இடித்தால் கடையில் கொடுத்துப் பெரிய அளவாக மாற்றிக்கொள்ளுங்கள், தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் பெரிதாக இளகாது. குதிகாலில் கடித்தால் இந்தக் கட்டை எதற்கும் ஆகாது, ஏனென்றால் அங்கே தோலுக்குள் விறைப்பான அட்டை வைத்திருப்பார்கள், அது காலின் சூட்டில் மெதுவாகத்தான் படியும். அதுவரை தடித்த காலுறை, பிளாஸ்டர், குதிகால் ஏறி இறங்காதபடி இறுக்கிக் கட்டிய லேஸ், அவ்வளவுதான்.

நான் இதை ஆன்லைனில் இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குள் வாங்கினேன். நடுவில் பிளந்த மரக்கட்டை, ஒரு திருகு நீளத்துக்கு, இன்னொன்று அகலத்துக்கு. கூடவே சின்ன பிளாஸ்டிக் குமிழ்கள் வரும், கட்டையில் உள்ள துளையில் செருகினால் அந்த இடம் மட்டும் கூடுதலாகப் புடைக்கும். எனக்கு வலது பெருவிரல் முட்டி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், உண்மையைச் சொன்னால் கட்டையைவிட இந்தக் குமிழ்தான் காசுக்கு வேலை செய்தது.

தோல் லேசாக இறுகும் வரை திருகி, அதற்கு மேல் அரைச் சுற்று, அப்புறம் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். போதுமா என்று சாயங்காலத்தில் போட்டுப் பாருங்கள், நம் ஊர் வெயிலில் நடந்து திரும்பும்போது கால் வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. அவசரப்பட்டு ஒரேயடியாக முறுக்கினால் தையல் இழுபடும், பசையில் ஒட்டிய அடிப்பாகம் வாய் பிளந்துவிடும். குட்இயர் வெல்ட் முறையில், அதாவது மேல்தோலையும் அடிப்பாகத்தையும் ஒரு பட்டையோடு சேர்த்துத் தைத்த ஷூவில் உள்ளே கார்க் இருக்கும், அது பாதத்துக்கேற்ப அமுங்கித் தானே கொஞ்சம் இடம் கொடுக்கும், அதனால் அதைக் குறைவாகவே அகட்டுங்கள். பளபளக்கும் பேடன்ட் தோலுக்கு இந்த வேலையே வேண்டாம், மேல்பூச்சு வெடிக்கும்.

ஹேர் டிரையர் வைத்துச் சூடேற்றச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், தோல் வறண்டு விரிசல் விடும். வீட்டில் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். செருப்பு வாருக்கு அது நடக்கும், பழுப்பு ஆபீஸ் ஷூவில் கருந்திட்டு விழுந்தால் போகாது, அதோடு இங்கே சும்மா அலமாரியில் வைத்த தோலிலேயே பூஞ்சை பூக்கிறது, எண்ணெய் வேறு வேண்டுமா?

கட்டை முழு வேலையையும் செய்யாது, மீதியை நாம் நடந்துதான் பழக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் போக வரப் பழைய ஷூ, ஆபீசில் ஏர்கானுக்குள் கொஞ்ச நேரம் புதியது, மறுநாள் அதற்கு ஓய்வு. வியர்வை ஈரம் காயாமல் தினமும் போட்டால் எவ்வளவு நல்ல தோலும் சீக்கிரம் கெட்டுப்போகும். மதிய மழை பெய்யும் நாளில் அதை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

குறை என்றால், புதிதில் வார்னிஷ் வாடை தாங்காது, பால்கனியில் காற்றாட வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, விளம்பரப் படத்தில் ஜோடியாகக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் ஒற்றைக் கட்டைதான் அனுப்புகிறார்கள். இரண்டு காலுக்கும் பொருந்தும், ஆனால் ஒன்று முடிந்துதான் மற்றது, ஆகவே தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ வாங்கிய ஷூ என்றால் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.