1978 சூப்பர்மேன் படத்த குழந்தைங்களோட உக்காந்து பாக்கலாமா?

போன வாரம் லீவு நாள்ல வீட்ல எல்லாரும் சேந்து பாக்குற மாதிரி ஒரு படம் தேடிட்டு இருந்தோம். எல்லாரும்னா பெரியவளுக்கு 10 வயசு, சின்னவனுக்கு 6, அப்புறம் என் மாமியார். இப்ப வர்ற சூப்பர்ஹீரோ படம் எத போட்டாலும் சின்னவன் பாதில காத பொத்திக்கிட்டு அடுப்படிக்கு ஓடி வந்துடுவான், அத்தை "பட்டாசு கடைல தீப்பிடிச்ச மாதிரில்ல இருக்கு"ன்னு எழுந்து போயிடுவாங்க. சரி பழசையே போடுவோம், பழசுன்னா வம்பு இருக்காதுன்னு 1978ல வந்த சூப்பர்மேன், ரிச்சர்ட் டோனர் எடுத்தது, கிறிஸ்டோபர் ரீவ் நடிச்சது, அத வாடகைக்கு எடுத்து போட்டோம். வம்பு இருக்காதுன்னு நெனச்சது பாதி தான் சரி.

முதல்ல ஒரு விஷயம். இதுக்கு அமெரிக்கால பிஜி சர்டிபிகேட், அதாவது பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கோங்கன்னு அர்த்தம். அப்ப அங்க 13 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு கூடுதல் எச்சரிக்கையா பிஜி-13ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அது 1984ல தான் வந்துச்சு, அதனால அந்தக் காலத்து படத்துல பிஜின்னு பாத்த உடனே குழந்தைங்க படம்னு நம்பிடாதீங்க, ஒரே டப்பால பலதையும் போட்டு வச்சிருப்பாங்க. என் கணக்குல 8 வயசுக்கு மேல தாராளமா பாக்கலாம், அதுக்கு கீழன்னா பக்கத்துல உக்காந்துக்கணும், கைல ரிமோட் இருக்கணும்.

ஆரம்பம் ரொம்ப மெதுவு. பேரு போடுறதே ஓடிட்டே இருக்கு, நீலக் கலர்ல ஒவ்வொரு பேரா பறந்து வருது, ஜான் வில்லியம்ஸ் மியூசிக் இருக்கறதால நான் தாங்கிட்டேன், சின்னவன் ரெண்டு தடவ "படம் எப்ப வரும்"னு கேட்டான். அப்புறம் சூப்பர்மேன் பொறந்த கிரிப்டான் கிரகம், அவரோட நெஜ அப்பாவா வெள்ள முடி வச்சுக்கிட்டு மார்லன் பிராண்டோ தீர்ப்பு சொல்றாரு, மூணு வில்லன கண்ணாடி மாதிரி ஒண்ணுக்குள்ள அடைச்சு வானத்துல தூக்கி எறியுறாங்க, அதோட அந்த மூணு பேரும் இந்தப் படத்துல திரும்பவே வரமாட்டாங்க. "அவங்க எங்கம்மா"ன்னு கடைசி வரைக்கும் கேள்வி. கிரகம் வெடிக்கும்போது ஆளுங்க கத்திக்கிட்டே விழுறது கொஞ்சம் பயம் தான். குழந்தைய ராக்கெட்ல வச்சு அனுப்புறப்போ அத்தை நிமிந்து உக்காந்து "குந்தி கர்ணன ஆத்துல விட்ட மாதிரில்ல இருக்கு"ன்னாங்க, அதுக்கப்புறம் அவங்க எழுந்திரிக்கவே இல்ல.

நான் எதிர்பாக்காத இடம், அந்தக் குழந்தை பூமில வளர்ற ஊரான ஸ்மால்வில் போர்ஷன். வளத்த அப்பாவா க்ளென் ஃபோர்டு, பையன்கிட்ட நல்லா பேசிட்டு, ரெண்டு பேரும் வீட்டு வரைக்கும் ஓட்டப்பந்தயம் வச்சு சிரிச்சிட்டு வர்றாங்க, திடீர்னு கைய புடிச்சிட்டு விழுந்துடுறாரு. ஹார்ட் அட்டாக். ரத்தம் இல்ல, சத்தம் இல்ல, ஒரு நிமிஷம் கூட இருக்காது. இவ்வளவு சக்தி இருந்தும் என்னால அப்பாவ காப்பாத்த முடியலயேன்னு பையன் அடக்கம் பண்ற இடத்துல நின்னு சொல்றான். என் மாமனார் போனதும் இப்படித்தான், வாசல்ல கோலத்த மிதிக்காத மிதிக்காதன்னு பேரன விரட்டிட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டாரு, மூணு வருஷம் ஆச்சு. எல்லாரும் டிவிய தான் பாத்துட்டு இருந்தோம், யாரும் யாரையும் பாக்கல. வன்முறை இருக்கான்னு தேடி பாத்தவ இத யோசிக்கல பாருங்க. உங்க வீட்ல சமீபத்துல யாராவது தவறியிருந்தா இந்த இடத்த முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அந்த டிரஸ்ஸோட அவர் வேலைய ஆரம்பிச்சு ஹெலிகாப்டர புடிக்கறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுது. ஆனா அங்கருந்து படம் வேற. ஃபோன் பூத்ல டிரஸ் மாத்தலாம்னு போறாரு, அங்க இருக்கறது மேல பாதி மட்டும் இருக்கற பூத், ஏற இறங்க பாத்துட்டு கிளம்பிடுறாரு. எனக்கு சிரிப்பு தாங்கல, பசங்களுக்கு ஒண்ணும் புரியல, ஃபோன் பூத்னா என்னன்னே தெரியாதே, நிறுத்தி மஞ்ச போர்டு போட்ட எஸ்டிடி பூத் கதையெல்லாம் சொல்ல வேண்டியதா போச்சு. அப்புறம் சுவத்துல ஏறுற திருடன், மரத்துல மாட்டுன பூனை. பூனைய வாங்கிட்டு உள்ள ஓடுற பாப்பா ஒரு ஆள் பறந்து வந்து குடுத்தாருன்னு சொல்லவும், பொய் சொல்றியான்னு அம்மா ஒரு அறை விடுற சத்தம் மட்டும் கேக்கும், பெரியவ என்ன திரும்பி ஒரு பார்வ பாத்தா.

இந்தப் படத்த ரீவுக்காகவே பாக்கலாம். சூப்பர்மேன் கிளார்க்ங்கற பேர்ல கண்ணாடி போட்டுக்கிட்டு சாதாரண ஆளா பத்திரிகைல வேலை பாக்குறாரு, கூட வேலை பாக்குற லாயிஸ் வீட்ல ஒரு சீன், அவ உள்ள இருக்கா, இவரு உண்மைய சொல்லிடலாம்னு கண்ணாடிய கழட்டி முதுக நிமித்துறாரு, குரலே மாறுது, ஆள் ஒரு அடி வளந்த மாதிரி இருக்கு, அப்புறம் தைரியம் இல்லாம திரும்ப கூனிக்குறுகி அந்த பயந்தாங்கொள்ளி கிளார்க் ஆயிடுறாரு. கட் இல்ல, கிராஃபிக்ஸ் இல்ல, வெறும் தோள்பட்ட தான். கண்ணாடி போட்டா எப்படி யாருக்கும் அடையாளம் தெரியலன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்த பெரியவ அங்க வாய மூடிட்டா. (இவருக்கு உடம்பு ஏத்த ட்ரெயினிங் குடுத்தது ஸ்டார் வார்ஸ்ல டார்த் வேடர் டிரஸ்ஸுக்குள்ள இருந்த டேவிட் ப்ரவுஸ், எங்க வீட்ல இத சொன்னதுக்கு தான் எனக்கு மரியாதையே கிடைச்சது.)

நெளிய வைக்கற இடங்களும் இருக்கு. வில்லன் லெக்ஸ் லூதரா வர்ற ஜீன் ஹேக்மேன் முக்கால்வாசி காமெடி தான், ஆனா ஆரம்பத்துலயே போலீஸ்காரர ரயில் முன்னாடி தள்ளிவிட்டுடுறாரு, காட்டல, புரிஞ்சிடும். பட்டாளத்தோட மிசைல் வண்டிய நிறுத்தறதுக்கு லூதரோட கூட்டாளியா வர்ற அம்மா ரோட்ல மயங்கின மாதிரி படுத்திருக்க, பட்டாளத்துக்காரங்க யார் வாயில வாய் வச்சு ஊதுறதுன்னு அலையுறது, அது அப்ப சிரிப்பா இருந்திருக்கலாம், மாமியார் பக்கத்துல உக்காந்திருக்கும்போது நான் தண்ணி குடிக்க எழுந்து போயிட்டேன். பேட்டி எடுக்கறப்போ லாயிஸ் உள்ளாடை கலர் கேக்குறதும் இருக்கு, பசங்க அத ஜோக்கா தான் எடுத்துக்கிட்டாங்க. ஒரு சிகரெட், அதையும் சூப்பர்மேனே வேணாம்னு சொல்றாரு. நடு வானத்துல லாயிஸ் மனசுக்குள்ள கவித சொல்ற இடத்துல ரிமோட்ட தாராளமா பயன்படுத்தலாம், ஒண்ணும் நஷ்டம் இல்ல.

நெஜமா பயம் காட்டுறது கடைசி 20 நிமிஷத்துல. நிலநடுக்கத்துல லாயிஸ் கார் பிளவுல மாட்டி, மண்ணு உள்ள கொட்டி கொட்டி மூச்சு முட்டி செத்துப்போறா. நீளமா காட்டுறாங்க, முகத்துக்கு கிட்ட. சின்னவன் என் முந்தானைக்குள்ள. இத முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, அவ பொழச்சுடுவான்னும் சொல்லிடுங்க, சஸ்பென்ஸ் போனா போகட்டும். சூப்பர்மேன் கோவத்துல பூமிய சுத்தி சுத்தி பறந்து நேரத்தையே பின்னாடி இழுத்துடுறாரு, லாஜிக்கெல்லாம் கேக்கக்கூடாது.

ஆனா சின்னவன் கேட்டான். "அப்ப அப்பாக்கு ஏன் அப்படி பண்ணல?" என்கிட்ட பதில் இல்ல, எங்க வீட்டுக்காரர் ஃபோன பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அத்தை தான் சொன்னாங்க, "அப்ப அவனுக்கு பறக்கவே தெரியாதுல்லய்யா, சின்னப் பய". அவன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, ஆச்சி மடில போய் படுத்துக்கிட்டான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஓடுற நேரத்த பாத்துக்கோங்க. தியேட்டர்ல வந்தது 143 நிமிஷம், அப்புறம் வந்த ஸ்பெஷல் எடிஷன் 151, டிவிக்காக நீட்டினது 188. குழந்தைங்களோடன்னா 143 தான், அதையே நாங்க ஹெலிகாப்டர் சீனுக்கு முன்னாடி ஒரு டீ பிரேக் விட்டு பாத்தோம். எங்களுக்கு கிடைச்சதுல தமிழ் டப்பிங் இல்ல, இங்கிலீஷ் சப்டைட்டில் வச்சு பெரியவ படிக்க நான் அத்தைக்கு சொல்லிக்கிட்டே வந்தேன்.

இப்ப ரெண்டாம் பாகம் வேணுமாம். அந்த கண்ணாடிக்குள்ள போன மூணு பேரும் அதுல தான் திரும்ப வர்றாங்க, சக்தி போன ஹீரோ ஒரு சாப்பாட்டுக் கடைல ரத்தம் வர அடி வாங்குற சீனும் இருக்கு. இந்த சனிக்கிழமை எல்லாரும் தூங்கினதுக்கப்புறம் நான் மட்டும் ஒரு தடவ பாத்துடுறேன்.