வேலூரிலிருந்து கடலுக்கு: மாமல்லபுரமா, கோவளமா?

வேலூர் வெயில் தாங்காமல் கடலோரம் இரண்டு நாள் தங்கக் கிளம்புகிறவர்களுக்கு என் ஓட்டு மாமல்லபுரத்துக்குத்தான். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்விடலாம். எல்லா வாடகைக்கும் அறை உண்டு. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிற்பங்களை நடந்தே பார்க்கலாம். அர்ச்சுனன் தபசில், கைகளைத் தூக்கித் தவமிருக்கும் பூனையையும் அதன் காலடியில் இருக்கும் எலிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். ஆனால் கடலில் இறங்க அது தோதான இடமில்லை, அலை இழுக்கும்.

குளியல்தான் முக்கியமென்றால் வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கோவளம். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. உடை மாற்ற அறை, அலைச்சறுக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. தங்குமிடங்கள்தான் குறைவு. காலையில் போய் ஆசைதீரக் குளித்துவிட்டு, மாமல்லபுரத்து அறைக்கே மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.