ஏர்போர்ட்டிலிருந்து திருவொற்றியூர் சுலபம், அங்கிருந்து வீடுதான் கஷ்டம்

தோஹாவிலிருந்து சென்னையில் வந்து இறங்கி டாக்சிக்காரரிடம் வடசென்னையில் இருக்கிற திருவொற்றியூர் என்றாலே, "ரிட்டர்ன் காலியா வரணும் சார்" என்று பேரம் ஆரம்பிக்கும். இந்த முறை மெட்ரோதான். விமான நிலையத்திலிருந்து எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்து விம்கோ நகர் வரை ஒரே நீல வழித்தடம், எங்கேயும் மாற வேண்டாம், பெட்டிகளோடு ஏசியில் உட்கார்ந்தே வந்துவிட்டேன். (இரவு பதினொரு மணியோடு வண்டி நின்றுவிடும், வளைகுடா விமானங்களோ பல நள்ளிரவில்தான் இறங்குகின்றன, டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.) 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வடசென்னையின் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, ஆனால் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி எங்கள் பக்கம் மெட்ரோ வர 2021 பிப்ரவரி ஆகிவிட்டது. வந்தவரைக்கும் சந்தோஷம்.

ஸ்டேஷனில் லிஃப்ட், எஸ்கலேட்டர், சுத்தமான கழிவறை, எல்லாம் சரி. கீழே இறங்கி வெளியே காலை வைத்ததும் கதை மாறிவிட்டது. நடைபாதை பத்தடி போய் ஒரு மின்பெட்டியில் முடிகிறது, அப்புறம் நிறுத்திய பைக்குகள், அப்புறம் திறந்த வடிகால், அதனால் சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடுகிற சாலையிலேயே நடக்க வேண்டியிருக்கிறது, எதிர்ப்பக்கம் போக சிக்னலும் இல்லை, கையைக் காட்டிக்கொண்டு குறுக்கே ஓடுவதுதான். வீடு அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அம்மாவுக்கு மூட்டுவலி, வாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் மெட்ரோ இருந்தும் அவர் இதுவரை ஏறியதே இல்லை.

அம்மாவின் வண்டி பஸ்தான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பெரியம்மா வீட்டுக்கு நினைத்தபோது கிளம்பிவிடுகிறார். 2025இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தொடங்கிய மின்சாரப் பேருந்தில் நானும் அவரோடு போனேன், தாழ்தளம் என்பதால் யாரும் கைகொடுக்காமல் தானே ஏறினார், சத்தமும் இல்லை புகையும் இல்லை. எண்ணூர், மணலி ஆலைப்புகைக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம், எனக்கு நன்றாகவே வேலை செய்தது.

தோஹாவில் மெட்ரோ ஸ்டேஷன் வாசலுக்கே மெட்ரோலிங்க் பஸ் வந்து தெருக்களுக்குள் கொண்டுவிடும், தனிக் காசு கிடையாது. எண்ணெய்ப் பணம் இருக்கிற ஊர், செய்கிறார்கள் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் நம்மிடமும் ‘எஸ்’ என்று தொடங்கும் நம்பர் போட்ட சிற்றுந்துகள் 2013லிருந்தே இருக்கின்றனவே, எங்கள் தெருப்பக்கம் நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவை நம்பித்தான் வடசென்னையே நகர்கிறது.

எண்ணூர் விரைவுச்சாலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, இடைவெளியில் சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் புகுந்து போகிறார்கள். லாரிகளை ஒரு நாளில் ஒழிக்க முடியாது, பள்ளி விடும் நேரத்திலாவது தடுத்து வைக்கலாமே.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகிற அடுத்த மெட்ரோ வழித்தடத்துக்காகப் பெரம்பூர், ஓட்டேரிப் பக்கமும் தோண்டியிருக்கிறார்கள். தோண்டியது தோண்டியதாக இருக்கும்போதே நடைபாதையையும், சாலையைக் கடக்கும் இடத்தையும், சிற்றுந்து நிற்க ஒரு மூலையையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டால், திறந்த பிறகு மறுபடி சாலையை உடைக்க வேண்டியிருக்காது.