சின்ன சமையலறையில் மாடுலர் கிச்சன்: பல வருடப் புழக்கத்தில் நின்றதும் நிற்காததும்

சென்னை நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறை 8 அடிக்கு 7 அடி. ஒட்டினாற்போல் துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு சர்வீஸ் ஏரியா. 2018-ல் மேடைக்குக் கீழே இருந்த கடப்பா கல் தட்டுகளை எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டோம். சமைப்பது நானும் மாமியாரும். தினமும் இரண்டு வேளை முழுச் சமையல், வாரத்தில் இரண்டு தடவையாவது மாவு அரைப்பு, பண்டிகை என்றால் முறுக்கும் அதிரசமும் வீட்டிலேயே. புதுக் கிச்சனைப் படம்பிடித்துப் போடுபவர்கள் நிறைய. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, கீல் தளர்ந்து, கரப்பான் ஒரு தடவை வந்துபோன பிறகு எது உழைக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன சமையலறை என்றால் மேடைக்குக் கீழே வரும் டிராயர்களில் காசைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மேடைக்கு ஆழம் 2 அடி. கடப்பா கல் தட்டாக இருந்தபோது அந்த 2 அடியில் முன்பாதிதான் புழக்கத்தில் இருந்தது. இட்லிப் பானை பின்னால் இருந்தால் தரையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற நாலு பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்து, கையை விட்டுத் துழாவ வேண்டும். கதவு போட்ட கப்போர்டிலும் இதே கதைதான். கதவு இருப்பதால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருந்தால் பின்னால் இருப்பது மெல்ல மெல்ல மறந்தே போகும். முழுசாக வெளியே வரும் டிராயரில் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. இழுத்தால் மேலிருந்து எல்லாமே தெரியும். "உக்காந்து தேடாம குக்கர எடுக்க முடியுதே, எனக்கு அதுவே போதும்மா" என்று மாமியார் சொன்னார். மூட்டுவலி உள்ளவர் வீட்டில் இருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுப்புக்குக் கீழே மூன்று டிராயர். மேலே ஆழமில்லாதது: கரண்டி, ஜல்லிக்கரண்டி, இடுக்கி, அஞ்சறைப்பெட்டி. நடுவில் தட்டு, டம்ளர், கிண்ணம். கீழே குக்கர், வாணலி, இட்லிப் பானை. கம்பெனியிலிருந்து வந்தவர் சுவரை அளந்தார். நாங்கள் பாத்திரங்களை அளந்து கொடுத்தோம். கீழ் டிராயரின் உயரம் மூடியோடு கூடிய இட்லிப் பானையின் உயரம். இந்த ஒன்றைச் செய்யாமல் ரெடிமேட் அளவில் வாங்கியவர்கள் வீட்டில், இட்லிப் பானை இன்றும் ஃபிரிட்ஜுக்கு மேலே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

சின்ன சமையலறைக்கு வழி தேடியவர்கள் முன்பும் இப்படி அளவெடுத்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். 1926-ல் மார்கரேட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் புதுக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியோடு வரும் குட்டிச் சமையலறையைப் பார்த்து, ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் செய்தது. மாவு, அரிசி, சர்க்கரைக்குத் தனித்தனியாக, அப்படியே உருவி எடுத்துக் கொட்டும்படி மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள் அதில் இருந்தன. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். நாம் இன்று மாடுலர் என்று சொல்வதற்கு அதுதான் பாட்டி. அந்தப் பெட்டிகள் ஜெர்மன் வீட்டுப் பண்டங்களுக்கு அளந்தவை. நம் வீட்டுக்கு நாம்தான் அளக்க வேண்டும்.

டிராயர் சேனல், அதாவது டிராயர் ஓடுவதற்கு இரண்டு பக்கமும் வரும் தண்டவாளம், வாங்கும்போது எவ்வளவு எடை தாங்கும் என்று கேளுங்கள். 30 கிலோ தாங்குவதும் உண்டு, 65 கிலோ வரை தாங்குவதும் உண்டு. இரும்பு தோசைக்கல் இரண்டு, வெண்கலப் பானை ஒன்று, குக்கர்கள் என்று அடுக்கினால் 30 கிலோ ஒரு பொருட்டே இல்லை. கீழ் டிராயருக்கு மட்டுமாவது கனமான சேனல் போடச் சொல்லுங்கள். எங்களுடையது இன்றும் ஒற்றை விரலால் இழுத்தால் வருகிறது. மெல்லச் சாத்திக்கொள்ளும் ஸாஃப்ட் குளோஸ் மட்டும் முன்பிருந்த மெதுவில் இல்லை.

பட்ஜெட் காரணமாக சிங்க் பக்கம் கம்பிக்கூடை போட்டோம். விலை குறைவு, காற்றோட்டம் உண்டு, உண்மைதான். ஆனால் சின்ன டம்ளர் கம்பி இடுக்கில் சாயும், ஸ்பூன் கீழே நழுவும், ஈரப் பாத்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் அடிப்பலகையில் போய் நிற்கும். கம்பியும் கம்பியும் சேரும் பற்றவைப்பு இடங்களில்தான் துரு முதலில் புள்ளி வைக்கிறது. எளிதில் துருப்பிடிக்காத 304 கிரேடு ஸ்டீல் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்பதால் 304 என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். மலிவான 202-லும் காந்தம் ஒட்டாது. வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கக் கம்பிக்கூடையை மிஞ்ச எதுவும் இல்லை. பாத்திரத்துக்கு வேண்டாம்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். ஷோரூமில் 6 அங்குல அகலத்தில் எண்ணெய் பாட்டில் வைக்க ஒரு ஒல்லி யூனிட் காட்டுவார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். 6 அங்குலம் என்றால் 150 மில்லிமீட்டர். இரண்டு பக்கப் பலகையும் 18 மில்லிமீட்டர் வீதம் 36 போய்விடும். சேனலும் போக, கையில் மிஞ்சுவது 4 அங்குலத்துக்கும் குறைவு. ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த 36 மில்லிமீட்டர் நஷ்டம் உண்டு. ஆகவே எட்டடிச் சுவரை ஆறு குட்டிப் பெட்டியாகப் பிரிப்பதைவிட, 3 அடி அகலத்தில் இரண்டு பெரிய டிராயர் வரிசை போட்டால் இடம் மிச்சம், செலவும் குறைவு. எங்களிடம் அந்த ஒல்லி யூனிட் இல்லை. எண்ணெய்த் தூக்கு அடுப்புப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் தட்டில் இருக்கிறது, சொட்டினால் தட்டைக் கழுவிவிடலாம்.

எல் வடிவ மேடையில் எல்லோரையும் படுத்துவது மூலை. கீழே எங்களுக்குச் சுழலும் தட்டு போட்டுத் தந்தார்கள். சுழற்றும்போது விளிம்பில் இருக்கும் டப்பா வழுக்கிப் பின்னால் விழுந்தால், அதை எடுக்கத் தட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. மாடி வீட்டில் மேஜிக் கார்னர் இருக்கிறது, இழுத்தால் மூலைக்குள் இருக்கும் கூடைகளும் சேர்ந்து வெளியே வரும். அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதன் சட்டங்களே பாதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன, விலையும் ஒரு பெரிய டிராயர் வரிசைக்கு ஆகும் அளவு. என்னைக் கேட்டால் மூலைக்கு எந்த யந்திரமும் வேண்டாம். சாதாரணக் கதவு போட்டு, பொங்கலுக்கு எடுக்கும் அண்டா, விருந்துக்கு எடுக்கும் பெரிய வாணலி, இவற்றை உள்ளே தள்ளிவிடலாம். வருடத்தில் சில நாள் குனிவதில் கஷ்டம் ஒன்றுமில்லை.

மூலையின் மேல்பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மேடையில் மூலைக்கு வரும் 2 அடிச் சதுரமும் வீண் இடம்தான். அங்கே நின்று காய் நறுக்க முடியாது. கிரைண்டருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. டேபிள் டாப் கிரைண்டரைக் கப்போர்டுக்குள் வைத்து, வேண்டும்போது தூக்கி வெளியே வைப்பதெல்லாம் படத்துக்குத்தான் சரி. கல்லோடு அதைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எங்கள் கிரைண்டரும் மிக்ஸியும் மூலையில் நிரந்தரமாக இருக்கின்றன, பின்சுவரில் ஆளுக்கொரு ப்ளக். அவற்றை மறைக்க ரோலர் ஷட்டர் போடலாம் என்றார்கள், மறுத்துவிட்டோம். உளுந்து தெறித்து அந்தப் பட்டிகளின் இடுக்கில் காய்ந்தால் யார் சுரண்டுவது?

அடுப்பு மேடையின் உயரம் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். மாடுலர் கம்பெனிகள் 34 அங்குலத்திலிருந்து 36 அங்குலம் வரை ஒரே மட்டமாகப் போடச் சொல்வார்கள். காய் நறுக்க அது சரி. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் உயரமான குக்கர் என்று ஏறினால், 5 அடி உயரமுள்ள என் மாமியாருக்குக் கரண்டி பிடிக்கும் கை தோளுக்கு வந்துவிடும். அடுப்பு வரும் பக்கத்தை மட்டும் 3 அங்குலம் இறக்கினோம். கீழே டிராயருக்கு அந்த 3 அங்குலம் குறைந்தது, தோள்வலி இல்லாமல் போயிற்று. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக உடம்பை வருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிலிண்டர் மேடைக்குக் கீழேயே இருக்கிறது. 14.2 கிலோ எரிவாயு, இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அந்தப் பகுதிக்கு அடிப்பலகை கிடையாது; சக்கரம் வைத்த வளையத்தில் நிறுத்தி அப்படியே உருட்டி வெளியே எடுக்கலாம். கதவின் கீழ்ப்பாதியில் காற்றுப் போகச் சாய்வுப் பட்டிகள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தங்கும், ஆகவே ஓட்டை கீழே இருக்க வேண்டும். அழகுக்காக முழுசாக மூடிய கதவு போடச் சொல்பவர்களிடம் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ட்யூபை ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். தேதி அதன்மேலேயே அச்சாகியிருக்கும், கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி திருப்பி வையுங்கள்.

மேல் கப்போர்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சிங்குக்கு மேலே இருக்கும் தட்டு ஸ்டாண்டுதான். அடிப்பலகை இல்லாத கப்போர்டு. கழுவின தட்டைச் சொருகினால் தண்ணீர் நேராகச் சிங்கிலேயே சொட்டும். மேடையில் பாத்திரம் கவிழ்க்கும் கூடை ஒழிந்தது. ஒன்றரை அடி மேடை திரும்பக் கிடைத்தது. மேலே தூக்கித் திறக்கும் கதவுகள் அப்படி இல்லை. திறந்தபின் கதவு மாமியாரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது, மூட யாரையாவது கூப்பிட வேண்டும். பரணுக்குச் சாதாரணக் கதவு, அதில் கொலு பொம்மைகளும் பித்தளைப் பாத்திரங்களும். ஒரு மடக்கு ஸ்டூல் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது.

தரையை ஒட்டி வரும் பட்டிக்குள்ளும் டிராயர் வைக்கலாம் என்று இப்போது காட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வீட்டுக்கு அது ஒத்துவராது. எங்களுடையது கழற்றி மாட்டும் பிவிசி பட்டி. கழற்றிப் பெருக்கி, கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டிவிடுவோம்.

கரப்பான் விஷயத்தில் ஒன்றைக் கவனித்தேன். கதவின் உட்பக்கம் கீல் உட்கார 35 மில்லிமீட்டரில் ஒரு குழி தோண்டுவார்கள். கீலுக்கும் குழிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. சின்னப் பழுப்புக் கரப்பான்கள் குடும்பத்தோடு தங்குவது அங்கேதான். டார்ச் அடித்தால் மீசை மட்டும் தெரியும். மருந்தைத் தரையிலும் மூலையிலும் தெளித்துப் பயனில்லை. ஜெல் மருந்தை ஒவ்வொரு கீலின் ஓரத்திலும் கடுகளவு வைத்த பிறகுதான் ஒழிந்தன. டிராயரில் இந்தக் கீல் குழியே கிடையாது என்பதும் டிராயருக்கு ஆதரவாக ஒரு காரணம்.

கடைசியாக மரம். எல்லாப் பெட்டிகளும் ப்ளைவுட், வெளியே 1 மில்லிமீட்டர் லேமினேட். அடுப்புப் பக்கம் இன்றும் புதுசு மாதிரி. சிங்குக்குக் கீழேதான் சறுக்கியது. அங்கே ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீரைத் தாங்கும் மெரைன் ப்ளை என்று பேசி, வந்தது வேறு. மூன்றாம் வருடம் குழாய் இணைப்பில் கசிந்த நீரில் அடிப்பலகை ஊதி, ஓரப்பட்டி பிரிந்து வந்தது. செய்துகொடுத்த கம்பெனியைக் கூப்பிட்டால், நீர்க்கசிவுக்கு வாரண்டி பொருந்தாது என்று பதில். சிங்குக்குக் கீழே தண்ணீர் கசியாமல் வேறு எங்கே கசியும்! பலகை இறங்கும் அன்றைக்கே அதன்மேல் முத்திரை இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். லேமினேட் ஒட்டிவிட்டால் எதுவும் தெரியாது.

இப்போது அந்த ஒரு பெட்டியை மட்டும் எங்கள் ஆசாரியை வைத்து பிவிசி பலகையில் மாற்றுகிறோம். பின்பலகை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ப்ளம்பர் கை நுழைய வேண்டும். அளவெடுக்க வந்தபோது கம்பிக்கூடையையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு டிராயர் போட முடியுமா என்று கேட்டேன். சிங்கின் குழாயைச் சுற்றி யு வடிவில் வெட்டி ஆழமில்லாத டிராயர் ஒன்று வரும் என்றார். சோப்பு, நார், குப்பைப் பைக்கு அது போதும், நவராத்திரிக்கு முன்னால் முடித்துக் கொடுங்கள் என்று முன்பணம் கொடுத்திருக்கிறோம்.