அம்மா அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்கு எந்த உதவி வந்து சேர்ந்தது: நான்கு வருட அனுபவம்

அப்பாவுக்கு 84 வயது, அம்மாவுக்கு 78. திருச்சி சுப்ரமணியபுரத்தில் சொந்த வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சென்னையில், தம்பி மஸ்கட்டில். எங்களோடு வந்து இருங்கள் என்று பேச்செடுத்தாலே அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். சரி, அவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதற்கு என்னென்ன வழி உண்டோ பார்ப்போம் என்று 2021 கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பயன்படுத்தி வருகிறோம். அரசுத் திட்டங்கள், தபால்காரர், வங்கி, ஆள் அனுப்பும் தனியார் நிறுவனம் எல்லாம் இதில் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கூப்பிடாமலே, குறித்த நாளில் வாசலுக்கு வந்து நின்ற உதவிகள்தான் எங்கள் வீட்டில் நிலைத்தன. போன் செய்து கேட்டு வாங்க வேண்டியவை, எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், நான் பின்னால் நின்று தள்ளினால்தான் நடந்தன. அம்மா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். "அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நம்ம வேற எதுக்கு தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்பதுதான் அவர் பதில். இந்த வயதில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். எந்தச் சேவையாக இருந்தாலும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலிடம் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருவது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் என்று பல வேலைகள் இதில் உண்டு. 2024இல் இதற்கு ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. எங்களுக்குத் திட்டம் என்றால் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் ஒருவர்தான். பக்கத்துத் தெருக்காரர். தோளில் ஒரு பை, அதில் பிரஷர் மிஷின், சுகர் பார்க்கும் கருவி, மாத்திரைகள். வந்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா மோர் கொடுக்காமல் கையை நீட்ட மாட்டார். பிரஷர், சுகர் இரண்டையும் பார்த்து, போனில் ஏற்றிவிட்டு, மாத்திரையைக் கொடுப்பார்.

அம்மாவுக்கு ரயில்வே மருத்துவமனை அட்டையும் இருக்கிறது. அங்கே மருத்துவம் நன்றாகவே இருக்கும். ஆனால் முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துப் போய், சீட்டு போட்டு, மருந்துக்கு வரிசையில் நிற்க அவரால் முடியவில்லை. இங்கே அந்த அலைச்சல் மிச்சம். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. ஒருமுறை அந்தத் தன்னார்வலர் புது மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால், "போன தடவை குடுத்த அட்டையைக் கொண்டாங்கம்மா, பார்க்கணும்" என்று கேட்டிருக்கிறார். அம்மா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். காலை மாத்திரை அட்டை காலி, இரவு மாத்திரை அட்டையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. "ராத்திரி ஒரு இட்லிதான் சாப்பிடுறேன், இதையும் போட்டா சுகர் இறங்கிடுமோன்னு பயமா இருக்கு" என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை. தினமும் போனில் "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்பேன், "ஆச்சு" என்பார். அந்தப் பெண் இதை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல, அவர் அம்மாவை வரச்சொல்லி, அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மாத்திரை மிஞ்சுவதில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதற்குக் காரணம், அதே ஆள் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்ததுதான். தன்னார்வலர்களை அடிக்கடி மாற்றாமல் வைத்திருப்பதும், அவர்கள் வேலைக்குத் தக்க ஊதியம் கொடுப்பதும் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். இப்போது அவர்கள் வாங்குவது ஊக்கத்தொகைதான். வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் வேலைக்கு அது போதாது.

2023 மழைக்காலத்தில் அப்பா இரவில் பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அந்தத் தன்னார்வலரே சொல்லிவைத்து இயன்முறை மருத்துவரை வரவழைத்தார். அப்பா வாக்கரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வந்தவர் வாக்கர் பேச்சையே எடுக்கவில்லை. கைப்பிடி உள்ள மர நாற்காலி ஒன்றைப் போடச் சொல்லி, "ஐயா, முதல்ல இதுல உக்காந்து எந்திரிக்கப் பழகுவோம்" என்றார். காலைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, பிறகு கையை ஊன்றி எழுவது. ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அதை அழுத்தச் சொன்னார். தொடைத் தசைக்கு அது நல்ல பயிற்சி. கைத்தடிக்கு வந்தபோது, அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்று திருத்தினார். நாங்கள் எல்லாரும் அடிபட்ட பக்கமே பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

போவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பாத்ரூம் போகும் வழியில் கிடந்த மிதியடியை எடுக்கச் சொன்னார், இரவு முழுக்க ஒரு சிறிய பல்பு எரியட்டும் என்றார், கழிப்பறைச் சுவரில் கம்பி பதிக்கச் சொல்லி உயரத்தைச் சுவரிலேயே பென்சிலால் குறித்துவிட்டும் போனார். கம்பிக்கும் ஆள்கூலிக்கும் ஆன செலவு, அறுவைச் சிகிச்சைச் செலவுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் விழுந்த பிறகு இதைச் செய்வதைவிட இன்றைக்கே செய்துவிடுங்கள்.

குறை என்றால் இடைவெளிதான். ஒருவரே பார்க்க வேண்டிய பகுதி மிகப் பெரியது. இரண்டு வருகைக்கு நடுவில் வாரங்கள் போய்விடும். அந்த நாட்களில் பயிற்சியைச் செய்யவைக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நான் விடுப்பு எடுத்து அங்கே இருந்ததால் நடந்தது.

விடுப்பு முடியும் நேரத்தில்தான் தனியார் நிறுவனத்திடம் பகல்நேர உதவியாளர் கேட்டோம். மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையவில்லை. பணம்கூடப் பெரிதில்லை, வாரத்துக்கு ஒரு புதுமுகம் வந்ததுதான் ஒத்துவரவில்லை. ஒவ்வொருவரிடமும் அப்பாவை எப்படி எழுப்ப வேண்டும், எந்தக் கால் என்று அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அம்மா அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்க ஆரம்பித்தார், உடம்பு இன்னும் தளர்ந்தது. நிறுத்திவிட்டு, தெருமுனையில் இருக்கும் ஒரு அக்காவைக் காலையில் இரண்டு மணி நேரம் வரச்சொல்லி ஏற்பாடு செய்தோம். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் கொடுக்க வேண்டிய லைஃப் சர்ட்டிஃபிகேட் விஷயம் தபால்காரரால் தீர்ந்தது. முன்பெல்லாம் நவம்பர் வந்தால் அடைமழையில் வங்கிக்கு ஆட்டோ, அங்கே படிக்கட்டு. 2014இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் ஆதாரையும் கைரேகையையும் வைத்து வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வந்து செய்துதருவார், கட்டணம் 70 ரூபாய். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு எண், ஆதாரில் பதிந்த செல்போன் இவ்வளவும் கையில் இருந்தால் போதும். முதல் வருடம் அப்பாவின் கைரேகை விழவே இல்லை. பணிமனையில் இரும்போடு காலம் தள்ளிய விரல்கள், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. தபால்காரர் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார், ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதியில் போட்டார், உடனே ஏற்றுக்கொண்டது. கைரேகை விழாத பெரியவர்கள் இருந்தால் முதலிலேயே முகப்பதிவைக் கேளுங்கள். 80 வயது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்பதால் நாங்கள் இப்போது மழை பிடிப்பதற்கு முன்பே முடித்துவிடுகிறோம். குறுஞ்செய்தி வந்ததோடு விட்டுவிடாமல், ஓய்வூதியம் வழங்கும் இடத்தில் சான்று ஏற்கப்பட்டதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கியைப் பற்றிச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. 70 வயது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் பணம் கொண்டுவந்து தருவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. நாங்கள் கேட்ட கிளையில், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதது போலப் பேசினார்கள். "அப்பாவை ஒரு வண்டியில கூட்டிட்டு வந்துடுங்களேன், வெளியில வந்து கையெழுத்து வாங்கிக்கிறோம்" என்றார்கள். இடுப்பில் பிளேட் வைத்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதரை! இதற்கும் தபால்காரர்தான் வழி காட்டினார். வேறு வங்கிக் கணக்காக இருந்தாலும், ஆதார் இணைந்திருந்தால் அவரிடமே பணம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுச் செலவுக்கு அது போதும். ஆனாலும் விதி இருக்கிறது, அதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.

ரேஷன் எளிதாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறில் வண்டி தெருவுக்கே வரும் என்று அறிவித்தார்கள். எடைமிஷினும் கைரேகைக் கருவியும் வண்டியிலேயே இருக்கும். அரிசி, சர்க்கரை, 30 ரூபாய்த் துவரம்பருப்பு, 25 ரூபாய் பாமாயில் எல்லாம் வாசலில் எடைபோட்டுத் தருகிறார்கள். தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கும், 70 வயது கடந்தவர்கள் மட்டுமே உள்ள அட்டைகளுக்கும்தான் என்று வைத்திருந்தார்கள். எங்கள் பெயர்களெல்லாம் எப்போதோ நீக்கியாகிவிட்டதால் அம்மா அப்பாவின் அட்டை பட்டியலில் வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தாத்தாவின் அட்டையில் வெளியூரில் இருக்கும் மகன் பெயர் இன்னும் இருக்கிறது, அவருக்கு வரவில்லை. அந்த மாதிரி வீடுகளில், கடைக்கு வர முடியாதவர் தனக்குப் பதில் ஒருவரை நியமித்துப் பொருள் வாங்க ஒரு படிவம் உண்டு. அதைக் கொடுத்துவைக்கலாம்.

14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. கட்டணம் இல்லை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். ஓய்வூதியம், சட்டம், பராமரிப்பு இல்லம், யாராவது கொடுமைப்படுத்தினால் என்ன செய்வது என்று எதைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், ஆதரவற்றவர்களை மீட்கவும் ஆள் அனுப்புவார்கள். நான் கூப்பிட்டபோது பொறுமையாகப் பேசினார்கள். ஆனால் அம்மா தானாக அந்த எண்ணை அழுத்த மாட்டார். பிள்ளைகள் நம் போனில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

இதெல்லாம் உடம்புக்கும் காசுக்கும் ஆனது. அப்பாவை மறுபடி நடக்கவைத்தது என்று பார்த்தால், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களின் சங்கக் கூட்டம்தான். விழுந்த பிறகு அவர் பேச்சே குறைந்துபோயிருந்தது. கூட பணிமனையில் வேலை பார்த்த ஒருவர் தன் மகனின் காரோடு வந்து, "உன் கையெழுத்து இல்லாம மனு போகாதுய்யா, கிளம்பு" என்று அதிகாரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கெஞ்சியும் தொடாத வாக்கரை அன்றைக்குத் தானே எடுத்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் போகிறார். பஞ்சப்படி, மருத்துவ அட்டை, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரை நாள் பேச விஷயம் கிடைக்கிறது. 2025 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புச் சோலை என்ற பகல்நேர மையங்களும் இதற்காகத்தான். காலையில் போய்ப் பேசி, சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்பலாம். முதலில் சொன்னபோது, "என்னை ஹோம்ல விடப் பாக்கறியா" என்று அப்பா கோபப்பட்டார். அதே நண்பர் வந்து கூப்பிட்டால் போவார் என்று நம்புகிறேன், அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

எதுவும் கிடைக்காத நேரம் இரவுதான். மேலே சொன்ன எல்லா உதவியும் பகலில் வருபவை. இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது என்றால் 108 தவிர வேறு இல்லை, அதற்கும் யாராவது கதவைத் திறக்க வேண்டும். அதனால் கிரில் சாவி ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறோம். மாத்திரைப் பட்டியல், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, எங்கள் எண்கள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். அழுத்தினால் எதிர்வீட்டில் ஒலிக்கும் மணி ஒன்றை அம்மா படுக்கும் பக்கத்தில் வைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த வேலையை முடிக்க வேண்டும்.